முள் எடுக்கிற கண்

விதி இதுதான். கண்புரை அறுவைக்கு முன்னால் இரண்டு கண்களின் நீளத்தையும் அளக்க வேண்டும். ஒரு கண்ணுக்குத்தான் அறுவை என்றாலும் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் வந்தாலோ, கண் வழக்கத்தைவிட மிக நீளமாக இருந்தாலோ, முதலில் அளந்தவர் அல்லாத இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் உள்ளே பொருத்தும் லென்சின் பவரைக் கணக்குப் போடுகிறார்கள். அளவு தப்பினால் பவர் தப்பும். பவர் தப்பினால், புரை போன பிறகும் உலகம் தெளியாது.

நான் கண் மருத்துவன் அல்ல. சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கண் சிகிச்சை முகாம்களுக்கான சுற்றறிக்கைகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அனுப்புவதற்கு முன் அவற்றைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது இல்லாததால் நான் பெரிய அறிவாளி என்று பெயர் வாங்கினேன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே உறங்கும், எதைச் சொன்னால் விழித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இவ்வளவும் தெரிந்தவனுக்கு ஒரே ஒரு அக்கா.

நாங்கள் பிறந்தது திருநாவலூர்ப் பக்கம். அக்காவைக் கட்டிக்கொண்டவர் கல்வராயன் மலையில் பள்ளி வாத்தியார். கீழேயிருந்து மலைக்கு மாற்றலாகும் வாத்தியார்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே இறங்குவதற்கு மனு எழுதுவார்கள். மாமா எழுதவில்லை. அக்காவுக்கும் அங்கேயே சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. மாமா காலமாகி, அவளும் ஓய்வு பெற்ற பிறகு, திருக்கோவிலூரில் என் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னேன். "உன் வூட்ல நான் இன்னாடா பண்ணுவேன், டிவி பாத்துக்கினு?" என்று கேட்டுவிட்டு, கரியாலூருக்குப் பக்கத்தில் அந்த ஊரிலேயே இருந்துவிட்டாள். அங்கே எல்லாருக்கும் அவள் வாத்தியாரம்மா.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டப்பார்வை. மைனஸ் பதினாறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா மரமா என்று பேசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஆனால் எதையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால், எறும்பின் கொடுக்குகூட அவளுக்குத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நாம் பார்ப்பதை அவள் வெறுங்கண்ணால் பார்த்தாள்.

அந்தக் கண்ணுக்கு மலையில் ஒரு வேலை இருந்தது. சாமைக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் போய்வருகிறவர்கள், காட்டுக்குக் கடுக்காய் பொறுக்கப் போகிறவர்கள், எல்லாருடைய காலிலும் ஏதாவது ஒரு முள் இருக்கும். உள்ளே ஒடிந்து, தோல் மூடி, மேலே ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத முள். மற்றவர்கள் தோண்டிப் புண்ணாக்குவார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவரின் காலைத் தூக்கி மடியில் வைத்து, மூக்கு உள்ளங்காலில் படும் அளவுக்குக் குனிவாள். அனலில் காட்டிய ஊக்கின் முனையால் ஒரே ஒரு நெம்பு.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, முள் குத்தாத நாளே இல்லாதவள், ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: "இன்னா வாத்தியாரம்மா, காலை மோந்து பாக்கறியா?"

"ஆமா. இன்னிக்கு எவன் கொல்லையில பூந்து வந்தன்னு மோந்தே சொல்லிடுவேன். அசையாத."

முள்ளை எடுத்து நகத்தின் மேல் வைத்துக் காட்டுவாள். அவள் முகத்தில் அப்போது ஒரு செருக்கு வரும். படிக்கும்போதும் கல்யாணத்தின்போதும் சோடாபுட்டி என்று கேலி கேட்டவளுக்கு அந்தச் செருக்கு தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

வலது கண்ணில்தான் முதலில் புரை வந்தது. "கண்ணுக்குள்ள பொக பூந்துக்கிச்சுடா" என்றாள். சாமை அறுப்பு முடியட்டும், மழை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். அவளுக்குக் கொல்லையும் கிடையாது, சாமையும் கிடையாது. அறுப்புக் காலத்தில்தான் முள் ஜாஸ்தி. ஒருவழியாக அவளைக் கீழே இறக்கி, மாவட்டத்துக்கு வெளியே ஒரு பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

மருத்துவர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார். "லென்ஸ் வெக்கும்போது தூரத்துக்குத் தெரியற மாதிரியும் வெக்கலாம், கிட்டத்துக்குத் தெரியற மாதிரியும் வெக்கலாம். உங்களுக்கு எது வேணும்மா?"

"கிட்டத்துல தெரியணுங்க."

"எல்லாரும் தூரந்தான் கேப்பாங்க."

"தூரத்துல எனக்கு யாருங்க இருக்காங்க?"

அவர் சிரித்தார். முன்பு போல மூக்கு நுனியில் தெரியாது, ஆனால் பேப்பரை விரித்துப் படிக்கும் தொலைவில் கண்ணாடி இல்லாமலே தெரியும்படி கொஞ்சம் மைனஸ் விட்டுவைக்கிறேன் என்றார். வெளிச்சத்தில் உட்கார்ந்தால் முள் எடுக்கலாம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். இடது கண்ணைத் தொட்டுக்காட்டி, "ரொம்பப் பொடி முள்ளுன்னா இது இருக்குது" என்றாள். இடது கண்ணில் புரை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

கண்ணின் நீளத்தை அளக்க அந்த மருத்துவமனையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒளியால் அளக்கும் மெஷின். அது கண்ணைத் தொடாது. நோயாளி எதைப் பார்க்கிறாரோ அந்தக் கோட்டிலேயே அளந்துவிடும். மிக நீண்ட கண்களுக்கு அதுதான் சரி. அன்று அது சர்வீசுக்குப் போயிருந்தது. இன்னொன்று, பேனா போன்ற ஒரு கருவியைக் கண்ணின் மேல் வைத்து ஒலி அலையை உள்ளே அனுப்பி அளப்பது. அதன் நுனியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். நோயாளி அதையே பார்க்க வேண்டும்.

அளந்தது ஒரு சின்னப் பெண். வெளியே பெஞ்சு முழுக்கக் கூட்டம். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"செவப்பு லைட்டு தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க."

"அதையே பாருங்க. பாக்கறீங்களா?"

"பாத்துக்கினுதான் இருக்கறேன்."

இடது கண்ணுக்கும் அப்படியே. அளவு அச்சாகி வந்த சீட்டை அந்தப் பெண் என்னிடமே நீட்டினாள், ஃபைலில் வைக்கச் சொல்லி. எனக்குத்தான் படிக்கும் பழக்கம் இருக்கிறதே. வலது கண் இடது கண்ணைவிட நன்றாகவே நீளம் என்று போட்டிருந்தது. அக்காவின் கண்ணாடியில் சின்ன வயதிலிருந்தே இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பவர்தான். ஒரு கண் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்திருக்க முடியாது.

"இத இன்னொருத்தர் மறுபடி அளக்கணும்மா. விதி இருக்குது" என்றேன்.

"ஹை பவர்னா அப்படித்தான் சார் வரும். மூணு தடவ எடுத்தேன், மூணும் ஒண்ணாத்தான் இருக்குது."

"மூணு தடவையும் நீதானம்மா எடுத்த?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. நாற்காலியிலிருந்து அக்கா திரும்பி, நான் நிற்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து அதட்டினாள். "டேய், ஆபீஸ் வேலைய இங்க காட்டாத. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? வா, போலாம்."

அறுபதைத் தாண்டிய தம்பியும் தம்பிதான். வந்துவிட்டேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் அறுவை அரங்குக்குள் போய்விட்டார் என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கட்டு அவிழ்த்த அன்று அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுவர் வெள்ளையாக இருக்கிறது என்றாள். என் சட்டையின் நிறத்தைச் சொன்னாள். "உனுக்கு இம்மாம் நரைச்சிருச்சாடா?" என்றாள். புண் ஆறும்வரை எதுவும் தெளிவாகத் தெரியாது, கண்ணாடி பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். புண் ஆறியது. மலைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி காத்திருந்தாற்போலக் காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

அக்கா காலை மடியில் வைத்துக் குனிந்தாள். பிறகு கொஞ்சம் நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். காலைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கை எட்டும் தொலைவு வரை தள்ளிப் பிடித்தாள்.

"இன்னா வாத்தியாரம்மா, நாத்தம் தாங்கலியா?"

அக்கா சிரித்தாள். "காலு இருக்குதுடி. முள்ளக் காணோம்." பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, புரை பிடித்த இடது கண்ணை உள்ளங்காலுக்குக் கொண்டுபோய், ரொம்ப நேரம் தேடி எடுத்தாள். எடுத்ததை நகத்தின் மேல் வைத்துக் காட்டவில்லை. ஊக்கை மடக்கிச் சேலையில் குத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினோம். அவர் அறுவை செய்வதில்லை, பரிசோதனை மட்டும். சோதித்துவிட்டு, "மைனஸ் விடறேன்னு சொன்னாங்களா? இது பிளஸ்ல நிக்குதே, கிட்டத்துல எப்படித் தெரியும்?" என்றார். நான் நகல் எடுத்து வைத்திருந்த அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதிகம் நீண்ட கண்ணின் பின்சுவர் சிலருக்கு ஒரே வளைவாக இருக்காது, ஒரு பக்கம் பிதுங்கிக் குழி விழுந்துவிடும் என்று விளக்கினார். நாம் பார்க்கப் பயன்படுத்தும் புள்ளி அந்தக் குழியின் அடியில் இருக்காது, சரிவில் இருக்கும். பார்வை சிவப்பு விளக்கில் நின்றால்தான் ஒலி அந்தப் புள்ளியைத் தொட்டுத் திரும்பும். இல்லாவிட்டால் குழியின் அடிக்குப் போய்த் திரும்பும். "கெணத்துல பாதிப் படி வரைக்கும் அளக்கச் சொன்னா, தண்ணி வரைக்கும் கயிறு விட்டாப்புல. நீளம் ஜாஸ்தியா வரும், லென்ஸ் பவரைக் கம்மி பண்ணிடுவாங்க."

பிறகு அக்காவிடம் கேட்டார். "அளக்கும்போது செவப்பு லைட்டு தெரிஞ்சுதாம்மா?"

"இல்லீங்களே. ஒரே பால் தெளிச்சாப்புல இருந்துச்சு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "தெரியுதுன்னு சொன்னியே அக்கா!"

"கேட்டாங்க. சொன்னேன்."

"தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அது எப்பிட்றா சொல்றது? அந்தப் பொண்ணு பாவம், அம்மாங் கூட்டத்த வெச்சிக்கினு வேல பாக்குது. ஒண்ணு கேட்டா, இல்லன்னா சொல்லுவாங்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பது வருஷம் அவள் சத்துணவுக் கூடம் நடத்தியவள். மழை பெய்தாலும் பாதை அறுந்தாலும் யாராவது ஒரு அதிகாரி மலையேறி ஆய்வுக்கு வருவார். அரிசி எடை சரியாக இருக்கிறதா? சரியா இருக்குதுங்க. முட்டை வந்ததா? வந்துச்சுங்க. கட்டடம் ஒழுகுகிறதா? இல்லீங்க. உண்மையைச் சொன்னால் விளக்கம் கேட்டு ஓலை வரும், விளக்கத்துக்கு ஒரு விளக்கம் வரும், பிள்ளைகளுக்கு அடுப்பு எரியாது. அதனால் கையில் கருவியோ பேனாவோ வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்டால், பதில் 'ஆமாங்க' என்பது அவளுக்கு மூச்சு விடுவது போல. மலையில் அவள் மட்டுமல்ல, எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். நான் என் சர்வீஸ் முழுக்கக் கோப்புகளில் படித்த 'அனைத்தும் சரியாக உள்ளது' என்ற வாக்கியம் எங்கேயிருந்து வந்தது என்பதை அந்தக் கிளினிக்கில் வைத்துத் தெரிந்துகொண்டேன். நானே அதை எத்தனை முறை மேலே அனுப்பியிருக்கிறேன்.

மருத்துவர் சொன்ன கடைசி விஷயம்தான் முக்கியம். நடமாடவும் படிக்கவும் வலது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், பொடி முள் அதில் பிடிபடாது. உள்ளே இருக்கும் லென்சை மாற்றுவது இந்த மாதிரிக் கண்ணில் ஆபத்து. ஆனால் இடது கண் இன்னும் கையில் இருக்கிறது. அதை ஒளி மெஷினில் அளந்து, கிட்டத்துக்குத் தெரியும்படி லென்ஸ் வைத்தால் அவள் வேலை நடக்கும். "ஆனா லேட் பண்ணாதீங்க. பொரை முத்திப் போச்சுன்னா வெளிச்சம் உள்ள போகாது. அப்புறம் அந்த மெஷின்ல வெச்சும் பிரயோஜனம் இல்ல."

அன்றிரவே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். மறுஅளவு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். இடது கண்ணை ஒளி மெஷினில் அளக்கத் தேதி கேட்டேன். கோபம் தெரியாமல், கோரிக்கை மட்டும் தெரியும்படி எழுதுவது ஒரு கலை, அது எனக்கு வரும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையையும் வாங்கி வைத்தேன்.

பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், வேறு ஊரில் வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"நீதான எழுதியிருக்க? பதில் வரட்டும். அவங்க இன்னா சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போலாம்."

அவள் நம்பிக்கைக்குக் காரணம் ஒரு பஸ். பல வருஷங்களுக்கு முன், கரியாலூர் போகும் பஸ் அவள் ஊர்த் திருப்பத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்காக நான் ஒரு மனு எழுதினேன். பதில் வந்தது, பஸ்ஸும் நின்றது. அதிலிருந்து அந்த ஊரில், 'என் தம்பி எழுதினா பதில் வரும்' என்பது அவள் வாயிலிருந்து ஓயாமல் வரும் வாக்கியம். உண்மையில் புது டிரைவர் ஒருவர் தானாகவே பஸ்ஸை நிறுத்த ஆரம்பித்தார், அதற்குப் பிறகுதான் என் மனுவுக்குப் பதில் வந்தது. இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. மலையில் எனக்கிருந்த மரியாதை அந்தத் திருப்பத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். போன் செய்தேன். ஒரு பெண் குரல் இன்னொரு குரலுக்கு மாற்றியது, அது இசைக்கு மாற்றியது. கடிதம் 'உரிய பிரிவுக்கு' அனுப்பப்பட்டிருப்பதாக ஒருமுறை சொன்னார்கள். அந்தச் சொல்லின் பொருள் என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் மலைக்குப் போகும்போதெல்லாம் இடது கண்ணின் புரை எந்த அளவில் இருக்கிறது என்பதை அவள் உட்காரும் இடத்தை வைத்தே தெரிந்துகொள்ள முடிந்தது. முதலில் வீட்டுக்குள் ஜன்னலடியில் உட்கார்ந்து முள் எடுத்தாள். அடுத்த முறை வாசற்படியில். பொங்கலுக்குப் போனபோது நடுத்தெருவில், உச்சிவெயிலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி குடை பிடிக்க வந்ததற்கு, "வெளிச்சத்த மறைக்காதடி, சனியனே" என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த பொங்கலுக்குப் பாயும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் மகளிடம் காலை நீட்டியிருந்தாள். மகள் செல்போன் கேமராவில் உள்ளங்காலைப் பெரிசாக்கிப் பார்த்து முள் எடுத்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்காமல் எப்படி நெம்புவது என்று கையைக் காற்றில் அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று அவளை நான் கேட்கவில்லை, இழுத்துக்கொண்டுதான் இறங்கினேன். கள்ளக்குறிச்சி மருத்துவர் இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். புரை கறுத்துக் கெட்டியாகிவிட்டது, இனி ஒளி மெஷின் அளவு காட்டாது என்றார். பழையபடி ஒலியில்தான் அளக்க வேண்டும். கண்ணின் மேல் தண்ணீர் நிரப்பி, உட்புறத்தைத் திரையில் படமாகப் பார்த்து, இடத்தைக் குறித்து அளக்கும் வசதி பெரிய ஊர்களில் இருக்கிறது. ஆனால் கிட்டப் பார்வை சொன்ன இடத்தில் வந்து நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அக்கா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒரு தடவ அளந்தது போதுங்க."

அதற்குப் பிறகு நான் கெஞ்சியதும், சண்டை போட்டதும், பேசாமல் இருந்து பார்த்ததும் எதுவும் எடுபடவில்லை. தடித்த கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு வலது கண்ணால் நடமாடினாள். பஸ்ஸின் பலகையைத் தூரத்திலேயே படித்துவிடுவாள். அவள் கேட்காத தூரம் அது.

ஆடி மாதம் அவளை வற்புறுத்தித் திருக்கோவிலூருக்கு அழைத்து வந்திருந்தேன். தெருவில் பெண்கள் தட்டும் பூவுமாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து, விரல்களாலேயே பார்த்துப் பார்த்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்தார்.

"இன்னாடா அது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து. பதில்."

"வந்துடுச்சா!" பூண்டை அப்படியே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். முள்ளை நகத்தின் மேல் வைத்துக் காட்டும்போது வரும் அந்தச் செருக்கு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவள் முகத்தில் இருந்தது. "நான் சொல்லல? என் தம்பி எழுதினா வரும்னு? படி, படி."

படித்தேன். மறுஅளவு பற்றிய என் கேள்வி பரிசீலனையில் இருப்பதாகவும், ஒளி மெஷின் தற்போது நல்ல நிலையில் இயங்குவதாகவும், இடது கண்ணை அளக்க நோயாளியை இக்கடிதத்துடன் எந்த வேலை நாளிலும் அழைத்து வரலாம் என்றும் எழுதியிருந்தது. குறை சொல்ல முடியாத கடிதம். நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன்.

அக்கா தரையில் தடவிப் பூண்டைத் தேடி எடுத்துக்கொண்டு, "மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். "ஊருல காட்டணும். பத்திரமா வெய்யி."

பேனாவை எடுத்து, வேலையில் இருந்த காலத்தில் செய்தது போலவே, கடிதத்தின் மேல் ஓரத்தில் பெற்ற தேதியைப் போட்டேன். ஆகஸ்ட் மூன்று, ஆடிப் பதினெட்டு.